வெண்ணெய் விற்கப் போகிறீர்களா? மாதிரி எடுக்க அதிகாரி வருமுன் செய்துவைக்க வேண்டியவை

ஊத்துக்குளி வெண்ணெய் என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் குறைவு. அந்தப் பெயருக்குப் பின்னால் பெரிய ஆலைகள் மட்டும் இல்லை. வீட்டில் தயிர் கடைந்து, மந்தாரை இலையிலோ டப்பாவிலோ வைத்து விற்ற குடும்பங்களும் இருக்கின்றன. இன்றும் பல ஊர்களில் நான்கைந்து மாடு வைத்திருப்பவர்கள், மகளிர் குழுவினர் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "அதிகாரி வந்து மாதிரி எடுத்தா என்ன ஆகும்?"

பயம் நியாயமானதுதான். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம், 2006 தினம் 2 கிலோ விற்பவருக்கும் பொருந்தும், 2 டன் விற்பவருக்கும் பொருந்தும். ஆனால் என் கணிப்பில், கலப்படமே செய்யாத சின்ன உற்பத்தியாளர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: வெண்ணெயில் நிற்கும் தண்ணீர், டப்பாவில் எழுதும் பெயர். இந்த இரண்டையும் முன்கூட்டியே சரிசெய்துகொள்ளலாம். அதற்குத்தான் இந்த வழிகாட்டி.

முதல் படி: உங்கள் பொருளின் பெயரை முடிவு செய்யுங்கள்

சட்டத்தின் கண்ணில் வெண்ணெய் இரண்டு வகை. ஒன்று டேபிள் பட்டர். பாஸ்ச்சரைஸ் செய்த, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்கிய கிரீமிலிருந்துதான் அதை எடுக்க வேண்டும். பால் கொழுப்பு குறைந்தது 80 சதவீதம், ஈரப்பதம் அதிகபட்சம் 16 சதவீதம், கொழுப்பு அல்லாத பால் திடப்பொருள் அதிகபட்சம் 2 சதவீதம், உப்பு அதிகபட்சம் 3 சதவீதம். இன்னொன்று வெள்ளை வெண்ணெய், அதாவது சமையலுக்கு வாங்கும் நாட்டு வெண்ணெய். இதற்குக் கொழுப்பு 76 சதவீதம் இருந்தால் போதும்.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. டேபிள் பட்டரா, வெள்ளை வெண்ணெயா என்று எதுவும் குறிப்பிடாமல் விற்றால், டேபிள் பட்டருக்கான அளவுகோல்தான் பொருந்தும். வெறும் 'வெண்ணெய்' என்று மட்டும் எழுதி, 77 சதவீதக் கொழுப்புள்ள நல்ல நாட்டு வெண்ணெயை விற்றால், ஆய்வக அறிக்கை 'தரம் குறைந்தது' என்று வரும். அதே டப்பாவில் 'வெள்ளை வெண்ணெய் (சமையலுக்கு)' என்று எழுதியிருந்தால் கொழுப்பு அளவில் தேறியிருக்கும். ஒரு சொல்லை விட்டதற்காக யாரும் அபராதம் கட்ட வேண்டாம். தயிர் கடைந்து எடுப்பவர்கள் தயங்காமல் 'வெள்ளை வெண்ணெய்' என்றே எழுதுங்கள்.

இரண்டாம் படி: பதிவு

மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்கோஸ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சிறு உற்பத்தியாளர்களுக்குப் பதிவுச் சான்றிதழ், அதற்கு மேல் போனால் மாநில உரிமம், இன்னும் பெரிதானால் மத்திய உரிமம். ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள், பால் கையாள்வது நாளொன்றுக்கு 500 லிட்டருக்குள் என்றால் பதிவு போதும் என்பதே பல ஆண்டுகளாக இருந்துவந்த வரம்பு. வரம்புகளும் கட்டணமும் அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் 14 இலக்க எண்ணை டப்பாவில் அச்சிட வேண்டும். சான்றிதழை விற்கும் இடத்தில், வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டி வையுங்கள்.

இது இல்லாமல் தொழில் நடத்துவது தனிக் குற்றம். வெண்ணெய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்தக் குற்றம் நிற்கும்.

மூன்றாம் படி: தண்ணீரை அளந்து பாருங்கள்

இந்தப் படியில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும்.

கடைந்த வெண்ணெய் திரண்டதும் மோரை வடிக்கிறோம், குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுகிறோம், அப்புறம் உருட்டித் தண்ணீரிலேயே போட்டு வைக்கிறோம். வீட்டுக்கு இந்த முறை சரி. விற்பனைக்கு இது ஆபத்து. உருண்டைக்குள் சின்னச் சின்னக் குழிகளில் தண்ணீர் தங்கியிருக்கும். தண்ணீரிலிருந்து எடுத்து அப்படியே தராசில் வைத்தால் மேலே ஒட்டியிருப்பதும் எடையில் சேரும். வாங்குகிறவர் வெண்ணெய் விலை கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறார். ஆய்வகத்தில் கொழுப்பு சதவீதம் இறங்கிவிடுகிறது.

உங்கள் வெண்ணெயில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். நகைக்கடையில் பயன்படுத்துவது போல 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். காய்ந்த சின்ன எவர்சில்வர் கிண்ணத்தைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் சரியாக 10 கிராம் வெண்ணெய் போடுங்கள். ஒரே பக்கத்திலிருந்து எடுக்காமல் உருண்டையின் நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் கலந்து எடுங்கள். மிகச் சிறிய தீயில் கிண்ணத்தைப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். முதலில் சடசடவென்று பொரியும், பிறகு நுரை பொங்கி அடங்கும். சத்தம் நின்று, அடியில் படிந்த பால் துகள் லேசாக நிறம் மாறத் தொடங்கும் நேரத்தில் இறக்கிவிடுங்கள். கருகவிட்டால் கணக்கு தப்பும். வெளியே தெறித்தாலும் தப்பும். ஆறியதும் மறுபடி எடை போடுங்கள். குறைந்திருப்பது தண்ணீர்.

10 கிராம் 8.10 கிராம் ஆகியிருந்தால் ஈரப்பதம் 19 சதவீதம். டேபிள் பட்டர் என்றால் இது தேறாது. வெள்ளை வெண்ணெய் என்றால், மீதமுள்ள 81இல் தயிர்த் துகள் இரண்டு மூன்று போனாலும் கொழுப்பு 78க்குக் குறையாமல் நிற்கும், தேறிவிடும். ஆனால் தண்ணீர் 23 சதவீதம் என்றால் மீதி 77. துகளைக் கழித்தால் 76க்குக் கீழே போய்விடும். வெள்ளை வெண்ணெய் செய்கிறவர்கள் 18 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் நிம்மதியாக இருக்கலாம் என்பது என் யோசனை. வீட்டுச் சோதனையில் சின்ன வித்தியாசம் வரத்தான் செய்யும், அதற்கும் இந்த இடைவெளி உதவும்.

தண்ணீரைக் குறைப்பது கைப்பழக்கம். வெண்ணெய் பெரிய கட்டியாகச் சேரும்வரை கடையாதீர்கள். கடுகைவிடச் சற்றுப் பெரிய மணிமணியாகத் திரண்டதும் நிறுத்தி மோரை வடியுங்கள். கட்டியாகிவிட்டால் மோர் உள்ளே சிக்கிக்கொள்ளும், அது சீக்கிரம் புளிக்கவும் வைக்கும். அலசும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக, நன்றாகக் குளிர்ந்ததாக இருக்கட்டும். சாய்வான பலகையிலோ தட்டிலோ வைத்து, மரக் கரண்டியால் அழுத்தி அழுத்தி மடியுங்கள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வழிந்து நிற்கும்வரை விடாதீர்கள். சித்திரை வைகாசியில் மத்தியானம் இந்த வேலையைச் செய்தால் வெண்ணெய் இளகிப்போய்த் தண்ணீரை விடாது. விடியற்காலைதான் சரியான நேரம். தயிருக்குப் பாலை நன்றாகக் காய்ச்சிய பிறகே உறை ஊற்றுங்கள். நுண்ணுயிர்ச் சோதனையில் தேற அதுவே பாதி வேலை.

ஒவ்வொரு நாளும் ஒரு நோட்டில் தேதி, எத்தனை லிட்டர் பால், எத்தனை கிலோ வெண்ணெய், ஈரப்பதம் எவ்வளவு என்று எழுதுங்கள். சட்டத்தின் 80ஆவது பிரிவு, தவறு நேராமலிருக்க உரிய கவனம் எடுத்துக்கொண்டதை எதிர்வாதமாக வைக்க இடம் தருகிறது. இந்த நோட்டு அதற்குச் சாட்சி.

நான்காம் படி: வெளியே வாங்கும் கிரீமில் கவனம்

சொந்த மாட்டுப் பால் மட்டும் என்றால் கலப்படக் கவலை குறைவு. கிரீமோ மொத்த வெண்ணெயோ வெளியில் வாங்கி உருட்டி விற்றால், அதில் யாரோ கலந்தது உங்கள் தலையில் விடியும். அதனால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். விற்பவரிடம் 'படிவம் இ' என்ற உத்தரவாதத்தைக் கேட்டு வாங்குங்கள். பொருள் சட்டப்படியான தரத்தில் இருக்கிறது என்று அவர் கையெழுத்துப் போட்டுத் தருவது அது. தர மறுக்கிறவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஆய்வகம் எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. வெண்ணெயிலிருந்து பிரித்த கொழுப்பை நெய்க்கான அளவுகோலில்தான் சோதிக்கிறார்கள். பால் கொழுப்பில் பியூட்டிரிக் அமிலம் போன்ற, எளிதில் ஆவியாகும் கொழுப்பு அமிலங்கள் நிறைய உண்டு. வேறு எண்ணெய்களில் அவை மிகக் குறைவு. அந்த அளவைச் சொல்வது ரெய்ச்சர்ட் மைஸல் எண். நெய்க்கு இது பொதுவாக 24க்குக் குறையக்கூடாது. தேங்காய் எண்ணெயிலேயே அது 6 முதல் 8 வரைதான். இன்னொன்று பியூட்டிரோ ரிஃப்ராக்டோமீட்டர் அளவு, ஒளி எவ்வளவு வளைகிறது என்பது. 40 டிகிரி வெப்பத்தில் பால் கொழுப்பு 40க்கும் 44க்கும் இடையில் நிற்கும். தேங்காய் எண்ணெய் இதற்குக் கீழே, சூரியகாந்தி போன்றவை மேலே. இரண்டையும் சாமர்த்தியமாகக் கலந்தால் இந்த எண்ணை 42இல் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். ஆனால் ரெய்ச்சர்ட் மைஸல் எண் சரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே படிக்கிறார்கள்.

இதில் நம் ஊருக்கு ஒரு முக்கியமான விஷயம் உண்டு. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை அதிகம் வைத்தால், கலப்படம் இல்லாமலேயே ரெய்ச்சர்ட் மைஸல் எண் இறங்கும். பருத்தித் தீவனப் பகுதி நெய்க்கென்று விதியில் தனி வரம்பு இருக்கிறது. அந்தச் சலுகை உங்கள் ஊருக்குக் கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். உங்கள் மாடுகளுக்குப் பருத்திக்கொட்டையே முக்கியத் தீவனம் என்றால், விற்பனை தொடங்குமுன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பணம் கட்டி ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

வனஸ்பதியைக் கண்டுபிடிக்கும் பழைய சோதனை பௌடோயின் சோதனை. வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று அரசு விதித்ததே, அதை நெய்யில் கலந்தால் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் சேர்த்துக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருக்கும் இடத்தில் சிவப்பு நிறம் வரும். அப்படியானால் உங்களுக்கு ஒரு பாடம்: நல்லெண்ணெய் புழங்கிய சட்டியையோ கரண்டியையோ வெண்ணெய் வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

வீட்டில் பாதுகாப்பாகச் செய்யக்கூடியது அயோடின் சோதனை. அரைத் தேக்கரண்டி வெண்ணெயில் இரண்டு மூன்று சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். நீலம் வந்தால் மாவோ மசித்த கிழங்கோ கலந்திருக்கிறது. எண்ணெய்க் கலப்படம் இதில் தெரியாது. 2024 செப்டம்பரில் திருப்பதி லட்டு நெய் விவகாரத்தில் ஆனந்தில் உள்ள தேசியப் பால்வள வாரிய ஆய்வக அறிக்கையும் 'எஸ் மதிப்பு' என்ற சொல்லும் செய்திகளில் அடிபட்டன. அது வாயு நிறப்பிரிகை முறையில் கொழுப்பின் அமைப்பையே ஆராய்வது. அந்த அளவுக்குப் போகும் சோதனைக்கு அடுப்படியில் மாற்று கிடையாது.

ஐந்தாம் படி: லேபிள்

பொருளின் பெயர், சேர்மானங்கள், பச்சைப் புள்ளி உள்ள சைவக் குறியீடு, நிகர எடை, தொகுதி எண் (பேட்ச் நம்பர்), தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், தயாரித்தவர் முகவரி, பதிவு எண், அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு எண். இவற்றில் எது விடுபட்டாலும் வெண்ணெய் சுத்தமாக இருந்தும் 'தவறான லேபிள்' என்ற குற்றம் வரும், அபராதம் 3 லட்சம் வரை போகலாம். எருமைப் பால் கலந்துவிட்டு 'பசு வெண்ணெய்' என்று எழுதாதீர்கள். எருமை வெண்ணெய் வெள்ளையாகத்தான் இருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

'ஏ2' என்று போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஏ1, ஏ2 வாசகங்களை நீக்கச் சொல்லி ஆணையம் 2024 ஆகஸ்ட் 21இல் உத்தரவிட்டு, ஆகஸ்ட் 26இல் அதைத் திரும்பப் பெற்றது. ஏ1, ஏ2 என்பவை பாலில் உள்ள ஒரு புரதத்தின் இரண்டு வகைகள், அதனால் அந்த வேறுபாடு பாலின் புரதத்தில். வெண்ணெயிலோ பெரும்பங்கு கொழுப்பு. நிரூபிக்க முடியாத எந்த வாசகத்தையும் போடாமலிருப்பதே நல்லது. திசைதிருப்பும் விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் வரை.

ஆறாம் படி: அதிகாரி வரும் நாள்

உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தால் அடையாள அட்டையைக் கேட்பதில் தவறில்லை. மரியாதையாகக் கேளுங்கள். அடுத்து, "சார், இது சட்டபூர்வ மாதிரியா, கண்காணிப்பு மாதிரியா?" என்று கேளுங்கள். கண்காணிப்பு மாதிரி என்பது சந்தையின் நிலவரம் தெரிந்துகொள்ள எடுப்பது. அந்த முடிவை மட்டும் வைத்து வழக்குப் போடுவதில்லை. சட்டபூர்வ மாதிரி என்றால் முறைகள் உண்டு, ஒவ்வொன்றையும் கவனியுங்கள்.

அவர் 'படிவம் 5ஏ' என்ற அறிவிப்பைத் தர வேண்டும். சாட்சி ஒருவராவது உடனிருக்க வேண்டும். மாதிரிக்கு உரிய விலையைக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். மாதிரியை நான்கு பாகமாகப் பிரித்து, சுத்தமான, காய்ந்த பாத்திரங்களில் தனித்தனியாகக் கட்டி முத்திரை வைப்பார். கட்டின்மேல் ஒரு சீட்டு ஒட்டி உங்கள் கையெழுத்தைக் கேட்பார். கையெழுத்தின் ஒரு பகுதி சீட்டிலும் மறு பகுதி சுற்றியிருக்கும் தாளிலும் விழ வேண்டும், சீட்டைப் பின்னால் மாற்ற முடியாதபடி. நான்கிலும் அப்படி விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வெண்ணெய் என்பதால் இன்னொன்றும் பாருங்கள். ஒரே உருண்டையின் ஒரு ஓரத்தில் தண்ணீர் அதிகம் இருக்கலாம். நன்றாகக் கலந்து சீராக்கிய பிறகே நான்காகப் பிரிக்கும்படி கேளுங்கள். முத்திரையிட்ட டப்பாவாக விற்கிறீர்கள் என்றால் ஒரே தொகுதியின் முழு டப்பாக்களை அப்படியே எடுக்கச் சொல்லுங்கள்.

நான்கில் ஒன்று அரசு ஆய்வகத்தில் சோதிக்கும் உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். இரண்டு, மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் பொறுப்பான நியமன அலுவலரிடம் இருக்கும். நான்காவது பாகம் உங்களுக்கான வாய்ப்பு: நீங்கள் கேட்டால், உங்கள் செலவில், அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த இடத்திலேயே எழுத்தில் கேளுங்கள். செலவு ஆகும்தான். ஆனால் இரண்டு அறிக்கையும் வேறுபட்டால் மாதிரி மேல்நிலை ஆய்வகத்துக்குப் போகும், அங்கே சொல்வதுதான் இறுதி. உங்கள் நோட்டில் அந்தத் தொகுதியின் ஈரப்பதம் 17 என்று இருக்கிறதா? அப்படியானால் தைரியமாகக் கேளுங்கள்.

அதே தொகுதியில் ஒரு டப்பாவை நீங்களும் குளிர்பெட்டியில் எடுத்து வையுங்கள். சட்டப்படி அது சாட்சியம் ஆகாது, என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குப் புரிய உதவும்.

ஏழாம் படி: அறிக்கை வந்த பிறகு

தமிழ்நாட்டில் கிண்டி, கோயம்புத்தூர், மதுரை, சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். உங்கள் கைக்கு அறிக்கை வந்த தேதியைத் தாளின் மேலேயே எழுதி வையுங்கள். அன்றிலிருந்து 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம், படிவம் 8. முப்பது நாள் போனால் அந்தக் கதவு மூடிவிடும்.

அறிக்கையில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். 'தரம் குறைந்தது' என்றால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விசாரிப்பவர் மாவட்ட வருவாய் அலுவலர், சிறைத்தண்டனை கிடையாது. 'பாதுகாப்பற்றது' என்றால் அது குற்றவியல் வழக்கு, நீதிமன்றம் போக வேண்டும். அந்தச் சொல்லைக் கண்டால் அன்றே வக்கீலைப் பாருங்கள். சுகாதாரக் குறைபாடு மட்டும் என்றால் பெரும்பாலும் மேம்பாட்டு அறிவிப்பு வரும். சரிசெய்யக் குறைந்தது 14 நாள் அவகாசம் உண்டு. சரிசெய்து, புகைப்படத்தோடு பதில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

வருவாய் அலுவலர் முன் போகும்போது உற்பத்தி நோட்டு, வாங்கிய பில்கள், படிவம் இ, உங்கள் செலவில் செய்த பழைய ஆய்வக அறிக்கைகள் எல்லாவற்றையும் நகலெடுத்துக் கொண்டுபோங்கள். அபராதத் தொகையை முடிவு செய்யும்போது, தவறால் கிடைத்த லாபம், யாருக்காவது ஏற்பட்ட பாதிப்பு, திரும்பத் திரும்ப நடந்ததா, தெரிந்தே செய்ததா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று 49ஆவது பிரிவு சொல்கிறது. பேச வேண்டியதும் அதைத்தான். உத்தரவு ஏற்புடையதாக இல்லையென்றால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 30 நாளுக்குள் போகலாம்.

வாங்குகிறவர் கேட்டால்

வாங்குகிறவருக்கும் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் தரலாம் என்பது பலருக்குத் தெரியும். 40ஆவது பிரிவு தெரிந்தவர்கள் குறைவு. வாங்கும்போதே "இதை ஆய்வுக்கு அனுப்பப் போகிறேன்" என்று விற்பவரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். பொருள் சட்டப்படி இல்லையென்று முடிவு வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

உங்கள் கடையில் ஒருவர் அப்படிச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். பில் போட்டு, தொகுதி எண்ணை அதில் எழுதிக் கொடுங்கள். அதே தொகுதியில் ஒரு டப்பாவை உங்களுக்கும் எடுத்து வைத்துவிட்டு, அன்றைய ஈரப்பதக் கணக்கை நோட்டில் ஒருமுறை சரிபாருங்கள்.